இருபது வினாடி மௌனம்

வானொலி நிலையத்தில் பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றுவது என் வேலை. முப்பது வருடமாக யாரும் சீண்டாத ஒரு பியானோ இசையமைப்பாளரின் பெட்டி போன வாரம் வந்தது. ஒரு படைப்பின் நடுவில் இருபது வினாடி மௌனம் என்று அவரே அட்டையில் எழுதியிருந்தார். முதல் நாள் அது நாற்பது வினாடி ஓடியது. மறுநாள் இரண்டு நிமிடம்.

"டேப் இழுத்துப்போச்சு, வேற என்ன? வேலையைப் பாருப்பா," என்றார் மேலாளர்.

இழுத்துப்போன நாடாவில் மற்ற சுரங்கள் மட்டும் பிசகாமல் இருக்குமா?

இன்று பத்து நிமிடமாகியும் மௌனம் முடியவில்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஹெட்போனைக் கழற்றினேன். மேலாளர் கதவைத் திறந்துகொண்டு வந்து கத்தினார். வாய் மட்டும் அசைந்தது. மேசையை ஓங்கி அறைந்தேன். கை வலித்தது, அவ்வளவுதான்.

அவர் பாதியில் நிறுத்தி, தன் தொண்டையைத் தடவிப் பார்த்தார்.