வெண்பவளியின் வம்சம்

"அடிவேர் தெரியாத பெட்டையை எந்த ராணி மருமகளாய் எடுப்பா, சொல்லு பாப்பம்."

"எடுக்கிற மனம் இருந்தால் எடுப்பா ரீச்சர்."

"மனம் இருந்தால் மட்டும் போதுமோ? அரண்மனையில மந்திரி ஒருத்தர் இருக்கிறாரெல்லோ. அவர் நூறு கேள்வி கேப்பார்."

"கேக்கட்டும். அடுத்த சனிக்கிழமை மறுமொழியோட வாறன்."

போன வாரப் பேச்சை நினைத்தபடியே றஞ்சிதம் உப்புக்குளம் ஊரில் றோசம்மா ரீச்சர் வீட்டுக் கேற்றைத் திறந்தாள். மறுமொழி தயாராக இருந்தது. வாசலில் புதிதாக ஒரு சோடித் தோற்செருப்பு கிடந்தது. ரீச்சரின் மகன் வின்சன்ட் வாங்கியிருப்பான் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ரீச்சர் வாரப் பத்திரிகை ஒன்றில் மாயாஜாலத் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தார். கண் ஒப்பரேசன் செய்த நாள் முதல் அவர் சொல்லச் சொல்ல எழுதுபவள் றஞ்சிதம். கதையின் நாயகி வெண்பவளி, கடற்பாறையில் அநாதையாகக் கிடந்த குழந்தை. வளர்ந்தபின் பறக்கும் திருக்கை மீனில் ஏறிப்போய் இளவரசனின் உயிரையே மீட்டு வந்தவள்.

கடைசி அத்தியாயம் மட்டும்தான் பாக்கி. அதில் வெண்பவளிக்கு ஓர் அரச வம்சத்தைக் கண்டுபிடித்தே ஆகவேண்டும் என்று ரீச்சர் ஒற்றைக்காலில் நின்றார். கூடவே கூடாது என்று றஞ்சிதம் நின்றாள்.

அதற்குக் காரணம் இருந்தது. போரில் சனம் இடம்பெயர்ந்து ஓடிய நாட்களில் மடு மாதா கோயில் மரத்தடியில் கிடந்த குழந்தை அவள். கன்னியாஸ்திரிகள்தான் வளர்த்தார்கள். தாய் தகப்பன் யாரென்று இன்றுவரை தெரியாது. வெண்பவளியும் கடைசியில் ராசா மகளாகிவிட்டால், தன்னைப்போல ஒருத்தி கதையில்கூட மிஞ்சமாட்டாள் என்று அவளுக்குப் பட்டது.

கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"மந்திரி என்ன கேக்கிறார் ரீச்சர்?"

"பேரைப் பற்றித்தான். வெண்பவளி எண்டது எந்த வம்சத்துப் பேராம்? பவளத்தீவை ஆண்ட ராணியின்ர பேரெண்டு ஒரு வரி போட்டால் பிரச்சினை முடிஞ்சுது பிள்ளை."

"போடேலாது. முதலாம் அத்தியாயத்தை மறந்திட்டியளோ? வெள்ளைப் பவளத்துக்குப் பக்கத்தில கிடந்தாளெண்டு, தூக்கின வலைக்காரக் கிழவன்தான் அந்தப் பேரை வைச்சவன்."

"அது கூப்பிடுற பேர். வம்சப் பேர் வேற ஒண்டு இருக்கலாமெல்லோ."

"முதல் தூக்கினவர் வைச்ச பேரை விடப் பெரிய பேர் என்ன இருக்கு? என்னைத் தூக்கினவாவும் தன்ர பேரைத்தான் எனக்கு வைச்சவா. நான் அதை மாத்தினனானோ?"

ரீச்சர் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்தார்.

"சரி, அவளின்ர இடுப்புத் துணியில முடிஞ்சபடி ஒரு ராச மோதிரம்…"

"ஒரு குண்டுமணியும் இல்லையெண்டு நீங்கள் சொல்லி, நான் எழுதி, அச்சிலயும் வந்திட்டுது."

"உன்னை எழுத வைச்சது என்ர பிழை."

முற்றத்தில் மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் போட்டிருந்த வின்சன்ட் அங்கிருந்தே குரல் கொடுத்தான். "அம்மா, அந்த இளவரசனிட்ட ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டியளோ?"

"அவனுக்கு வாய் இருந்தால் கதை எப்பவோ முடிஞ்சிருக்கும்," என்றாள் றஞ்சிதம், தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

வெளியே திருகு சாவி ஒன்று கைதவறி விழும் சத்தம் கேட்டது.

ரீச்சர் குரலைத் தணித்தார். "மந்திரிக்கு இன்னும் ஒரு கேள்விதான் இருக்கு. கலியாணத்தண்டைக்கு, பொம்பிளைப் பக்கமெண்டு சொல்ல ஆர் வந்து நிப்பினம்?"

இதை றஞ்சிதம் எதிர்பார்த்திருக்கவில்லை. கோயிலில் நடந்த எத்தனையோ கலியாணங்களில், பெண் பக்கத்து வாங்கு இருக்கைகளைப் பார்த்து அவள் தன்னிடமே கேட்டுக்கொண்ட கேள்வி அது. கொஞ்ச நேரம் பேனையை உருட்டினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அவள் ஓடித்திரிஞ்சு உதவி செய்த சனமெல்லாம் வந்து நிக்கும் ரீச்சர். அந்தச் சனத்துக்குள்ள மந்திரிக்கு நிக்க இடம் கிடைக்குமோ எண்டு அவரைக் கேளுங்கோ."

ரீச்சர் வாய்விட்டுச் சிரித்தார்.

"நீ வென்றிட்டாய். வம்சமும் வேண்டாம், மோதிரமும் வேண்டாம். எழுது."

அவர் சொல்லச் சொல்ல றஞ்சிதத்தின் கை பறந்தது.

"ராணி சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்தாள். அந்தப் பெண்ணின் இரு கைகளையும் பற்றிக்கொண்டாள். 'உன் வம்சம் எது என்று இனி இந்த அரண்மனையில் எவரும் கேட்கமாட்டார்கள்' என்றாள்."

எழுத்து கலங்கித் தெரிந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள்.

"'என் மகனை ஏற்றுக்கொள்வாயா, றஞ்சிதம்?'"

பேனை நின்றது.

"ரீச்சர், பேரை மாறிச் சொல்லிப்போட்டியள்."

"மாறேல்லை பிள்ளை. மந்திரி எண்டது என்ர அண்ணர் பஸ்ரியன். வின்சன்டுக்கு உன்னைக் கலியாணம் செய்துவைக்கப்போறன் எண்டு சொன்ன நாள் முதல் அவர் கேட்ட கேள்வியளைத்தான் நான் உன்னட்டக் கேட்டனான்."

பக்கத்து அறைக்குள் யாரோ இருமினார்கள். "பொம்பிளைப் பக்கத்தில எனக்கும் ஒரு கதிரை போடச் சொல்லு தங்கச்சி," என்றது ஒரு வயதான குரல்.

ரீச்சர் றஞ்சிதத்தின் விரல்களிலிருந்து பேனையை மெல்ல எடுத்து மேசையில் வைத்தார்.

"இது எழுதுறதுக்கில்லை. அவனுக்கும் வாய் வரேல்லை, எனக்கும் இவ்வளவு நாளாய் வரேல்லை. இந்த வீட்டுக்கு மருமகளாய் வாறியோ, பிள்ளை?"