உருப்படியான ஆள்

“படிச்சது வயர்லெஸ். பாக்கறது பூட்ஸ் அடுக்குற வேலை. இதுக்கா சார் நான் பட்டாளத்துல சேந்தேன்?” கையிலிருந்த பூட்ஸைப் பொத்தென்று போட்டாள் புதிதாக வந்த சிப்பாய்.

உடுப்புக் கிடங்கின் சார்ஜென்ட் அசரவில்லை. “கத்தாதம்மா. யாரும் குறை சொல்ல முடியாதபடி இதைச் செஞ்சு காட்டு. மேஜர் கண்ணுல பட்டாப் போதும், மாத்தல் தானா வரும்.”

பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். அளவு மாறிக் கிடந்த பூட்ஸெல்லாம் கூரைவரை ஒழுங்காக ஏறின. கேட்ட உடுப்பு கேட்டவுடன் கைக்கு வந்தது. மேஜரே வந்து பார்த்து வாயைப் பிளந்தார்.

சொன்னபடியே மாற்றல் வந்தது. தலைமை அலுவலகத்தில், ஏசி அறையில் வேலை.

சார்ஜென்ட்டுக்கு.

“என்ன சார் அநியாயம் இது?”

“பல வருஷமாக் கேட்டுட்டிருந்தேம்மா. கிடங்கைப் பாத்துக்க உருப்படியா ஒரு ஆள் கிடைச்சாத்தான் விடுவேன்னுட்டாரு மேஜர்.” சாவிக்கொத்தை அவள் கையில் திணித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினார்.

அவர் வாசலைத் தாண்டுவதற்குள் அவள் அடிவரிசையிலிருந்து ஒரு பூட்ஸை உருவினாள். கிடங்கே அதிரும்படி மொத்த அடுக்கும் சரிந்தது.

“மேஜருக்கு ஒரு போன் போடுங்க சார். உருப்படியான ஆள் இன்னும் கிடைக்கலன்னு சொல்லுங்க.”