ஒரே அடி, இரண்டு வைத்தியம்

"எழுந்திரு வீராயி. மூணு நாள் படுத்தது போதும். போய் உலக்கையைப் பிடி."

வைத்தியர் தணிகாசலம் போட்ட அதட்டலில், கூடத்துக் கட்டிலில் படுத்திருந்த முசியே தேவதாஸுக்கே தூக்கிவாரிப் போட்டது.

வீராயி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வலது முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

"வலிக்குது சாமி."

"வலிக்கட்டும். நட."

முசியேவுக்கும் அதே வலது முழங்கால்தான். அடித்ததும் ஒரே கார்தான். திங்கட்கிழமை அவர் பென்ஷன் வாங்க ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தார். வைத்தியரிடம் பச்சிலை இடிக்கும் வேலைக்காரி வீராயி, கருவடிக்குப்பத்திலிருந்து தழைக்கட்டைச் சுமந்துகொண்டு ஓரமாக வந்தாள். முனையில் திரும்பிய கார் ரிக்‌ஷாவை இடிக்க, ரிக்‌ஷா வீராயியை இடிக்க, இருவரும் ஒரே சாக்கடையில் விழுந்தார்கள்.

விழுவதில் மட்டும் சமத்துவம் இருந்தது.

"எலும்பு முறியல. சவ்வு பிசகியிருக்கு" என்று இருவருக்கும் ஒன்றாகத்தான் சொன்னார் வைத்தியர். ஆனால் வைத்தியம் வேறு.

முசியேவுக்கு உளுத்தமாவும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டு. கால் தரையில் படக்கூடாது. ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாளும், வைத்தியர் வீட்டிலேயே வாசம்; கட்டணம் நாள் கணக்கில். காலையில் ஆட்டுக்கால் சூப்பு. வீராயிக்கு ஒரு பழைய வேட்டித் துண்டைக் கிழித்துச் சுற்றியதோடு சரி.

"வைத்தியரே, இது அநியாயம்" என்றார் முசியே, சூப்பை உறிஞ்சியபடி. முப்பது வருஷம் பிரெஞ்சு கோர்ட்டில் எழுத்தராக இருந்தவர்; 'ஐயா' என்பதற்குப் பதில் 'முசியே' என்ற அழைப்பும் அங்கே ஒட்டிக்கொண்டதுதான். ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி ரெண்டு வருஷமாகியும் அவருக்குள் அது இறங்கவில்லை. "எகாலித்தே! மனுஷங்கன்னா எல்லாரும் சமம். பாவம், அவளையும் படுக்க விடுங்க."

"அவ உடம்பு உழைக்கிற உடம்பு முசியே. உங்க உடம்பு அப்படியா?"

முசியே யோசித்தார். அதுவும் சரிதான் என்று பட்டது.

"சூப்புல உப்பு கொஞ்சம் கம்மி" என்றார்.

தெருவே வைத்தியரைத் திட்டியது. "பெரிய மனுஷன்னா மெத்தை, கூலிக்காரின்னா உலக்கையா? இந்த ஆளு கை விளங்குமா?" என்று அவர் காதில் விழும்படியே கத்தினாள் எதிர்வீட்டு மணியம்மாள்.

வைத்தியர் அசையவில்லை. தினமும் விடிந்ததும் வீராயியை உட்கார வைத்து, தைலம் தேய்த்து, அவள் கத்தக் கத்த முழங்காலை மடக்கி நீட்டுவார். பிறகு வாசலுக்கும் கிணற்றடிக்கும் இருபது நடை. அப்புறம் உலக்கை.

முசியேவின் மகள் ஜெயம் வந்து பார்த்தாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"அப்பா, மாதா கோயில்ல என்னைக் கையைப் பிடிச்சி அழைச்சிக்கிட்டுப் போகணுமே. பேசாம ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா?"

"நடக்கிறதா? ஓடவே வைக்கிறேன் பாருங்க" என்றார் வைத்தியர்.

பத்தாம் நாள் சூப்பு கொண்டுவந்த வீராயி, குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"ஐயா, நீங்களும் கட்டை அவுத்துட்டுக் கொஞ்சம் நடந்து பாருங்களேன். எனக்கு வீக்கம் வத்திடுச்சி."

முசியேவுக்குக் கோபம் வந்தது. "வைத்தியம் படிச்சது நீயா, அவரா?"

"வீராயி! அங்க என்ன பேச்சு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவள் போய்விட்டாள்.

இருபதாம் நாள், தலையில் தழைக்கட்டோடு கருவடிக்குப்பத்திலிருந்து நடந்தே வந்தாள் வீராயி.

நாற்பத்தெட்டாம் நாள் முசியேவின் கட்டை அவிழ்த்தார்கள். கால் முருங்கைக்காய் மாதிரி மெலிந்திருந்தது. மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை.

அந்த வாரமே கல்யாணம். ஜெயத்தை அவள் சித்தப்பா கையைப் பிடித்துப் பீடம்வரை அழைத்துப் போனார். முசியே கடைசி வரிசையில் கம்போடு உட்கார்ந்திருந்தார். கோயிலே முழங்காலிட்டபோது அவர் மட்டும் காலை நீட்டியபடி, கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார்.

மறுநாள் நேராக வைத்தியர் வீட்டுக்கு வந்தார்.

"இதுக்குப் போய் கலங்கலாமா முசியே? உங்களுது நுட்பமான சவ்வு. இன்னும் ஒரு மண்டலம் கட்டினா சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு, மாவு குழைக்க உற்சாகமாக உள்ளே போனார் வைத்தியர்.

முற்றத்தில் வீராயி சப்பணமிட்டு உட்கார்ந்து தழை ஆய்ந்துகொண்டிருந்தாள். முசியே அவள் முழங்காலையே பார்த்தார். முதல்முறையாக அவளிடம் மரியாதையாகக் கேட்டார்.

"ஏம்மா, உனக்கும் எனக்கும் ஒரே கார், ஒரே அடி. உன்னை மூணாம் நாளே நடக்க வச்சவர், என்னை மட்டும் ஏன் கட்டிப் போட்டார்?"

வீராயி உள்பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"நான் படுத்துக் கெடந்தா அவருக்கு நஷ்டங்க ஐயா. நீங்க எழுந்து நடந்துட்டா, அதுவும் அவருக்கு நஷ்டந்தானே?"