பாலாடைக்கட்டி வருவதற்கு முன்

மடக்குக் கத்தியில் கையை வெட்டிக்கொள்கிறவனுக்குப் பெண் தர மாட்டேன் என்று என் அப்பா பார்த்தெலமி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். பிரான்ஸில் எங்கள் ஓப்ராக் மலையில் ஆண்கள் சாப்பிட அவரவர் கத்தியைத்தான் எடுப்பார்கள். வீட்டுக்காரர் கத்தியை மடக்கிவிட்டால் சாப்பாடு முடிந்தது, எல்லோரும் எழுந்துவிட வேண்டும்.

இதெல்லாம் தெரிந்துதான் அன்செல்ம் என்னைப் பெண் கேட்டு வந்தான். அந்தப் பதற்றத்திலேயே தொத்திறைச்சியோடு கட்டைவிரலையும் நறுக்கிக்கொண்டான்.

சட்டென்று கையை மேசைக்கு அடியில் ஒளித்தான். பக்கத்திலிருந்த நான் கைக்குட்டையை விரலில் வைத்து அழுத்தினேன்.

"எடுத்து எடுத்துப் பார்க்காதே. அழுத்திப் பிடிச்சாத்தான் ரத்தம் நிக்கும்," என்று கிசுகிசுத்தேன்.

"என்ன தம்பி, மூஞ்சி வெளுத்துப் போச்சு?" என்றார் அப்பா. "மாடு கன்னு போட்டா தனியாப் பார்ப்பியா?"

"பா... பார்ப்பேன் ஐயா."

அப்பா கத்தியைத் தொடையில் அழுத்திப் பட்டென்று மடக்கினார். சாப்பாட்டின் கடைசியில் வரும் பாலாடைக்கட்டி இன்னும் வரவேயில்லை. எனக்கு உயிரே போய்விட்டது.

"சரி, என் பொண்ணைக் கட்டிக்கோ. இப்பக் கிளம்பு!"

அன்செல்ம் கையைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு ஓடியே போனான்.

கதவு மூடியதும் அப்பா மேசைக்கு அடியிலிருந்து இடது கையை எடுத்தார். சுற்றியிருந்த துணியிலிருந்து ரத்தம் சொட்டியது.

"ஐயையோ! எப்பங்க வெட்டிக்கிட்டீங்க?" அம்மா அவரைக் குழாயடிக்கு இழுத்துப் போனாள்.

"ரொட்டி நறுக்கறப்பவே. கத்தாதேடி."

தண்ணீர் பட்டதும் முகத்தைச் சுளித்தவர், என் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"மாப்பிள்ளை பார்த்துட்டாரா?"