மல்லாட்டைத் திருடனுக்கு ஏழாவது இடம்

“ஏழாவது இடம், கடைசி இடம், உன்னோட மல்லாட்டைத் திருடன்” என்று சொல்லிக்கொண்டே போர்டில் எழுதினார் தாண்டவராயன். எழுதும்போதே ஒரு சிரிப்பு வேறு.

கலைப்பிரியாவுக்கு உச்சந்தலைக்குச் சுர்ரென்று ஏறியது.

விழுப்புரத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கிற கார்ட்டூன் ஸ்டூடியோ அது. இதுவரை எடுத்ததே ஏழு படம்தான். மோசமானதிலிருந்து நல்லது வரைக்கும் வரிசை போடுவது, மோசமானதை அதோடு ஊத்தி மூடுவது என்று முதலாளி தாண்டவராயன் முடிவு பண்ணியிருந்தார்.

“வரிசை போட்டது யாரு சார்?”

“பசங்கதான். திண்டிவனத்துல என் கொழுந்தியா மலர்விழி நர்ஸா இருக்கா இல்ல? அவ வார்டுல படுத்துக்கினு இருக்கிற பசங்களுக்கு எல்லாத்தையும் போட்டுக் காட்டச் சொன்னேன். பெரியவங்க மூஞ்சிக்காகப் பொய் சொல்வாங்க. பசங்க சொல்லாது.”

“மொத இடம் எது?”

தாண்டவராயன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “பொறுமைப் பொன்னன்.”

அது அவரே எழுதி, அவரே குரல் கொடுத்த படம். பொன்னன் ஆலமரத்தடியில் உட்கார்ந்து நீதி சொல்லுவான். சொல்லுவான், சொல்லிக்கொண்டே இருப்பான். மரத்தில் ஓர் இலைகூட அசையாது.

“என் படத்துல இன்னா கொறையாம்?”

“‘அது மட்டும் வேணவே வேணாம் மாமா, போட்டாலே பசங்க கத்துறாங்க’ன்னு மலரு போன்ல சொன்னா. இதுக்கு மேல இன்னா சொல்லணும்? ரெண்டாம் பாகத்த நிறுத்திடு. நாளையிலேருந்து பொன்னனுக்குக் கலர் அடி.”

முதல் பாகத்தின் கடைசியில் ‘தொடரும்’ என்று போட்டு, ரெண்டாம் பாகமும் பாதி வரைந்தாகிவிட்டது. வளவனூரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை காயப்போட்ட களத்தில், மண்டை பிளக்கிற வெயிலில் உட்கார்ந்து, அணில் எப்படித் திருடுகிறது, எப்படித் திரும்பிப் பார்க்கிறது என்று பார்த்துப் பார்த்துப் போட்டவள் அவள். அவள் போய்ப் பொன்னன் வேட்டிக்குக் கலர் அடிக்க வேண்டுமாம்!

பையைத் தூக்கித் தோளில் மாட்டினாள்.

“எங்க கெளம்பிட்ட?”

“திண்டிவனத்துக்கு. உங்க கொழுந்தியாவ நறுக்குன்னு நாலு கேள்வி கேக்கலன்னா எனக்குச் சோறு எறங்காது சார்.”

பஸ் முண்டியம்பாக்கம் தாண்டியும் கோபம் இறங்கவில்லை. விக்கிரவாண்டியில் ஏறின அம்மா, “கொஞ்சம் தள்ளி ஒக்காரும்மா” என்றதற்கு, அந்தம்மாதான் படத்துக்கு ஏழாவது இடம் கொடுத்த மாதிரி முறைத்தாள்.

ஆஸ்பத்திரியில் மலர்விழி கையில் மருந்துத் தட்டோடு வார்டு வாசலிலேயே நின்றிருந்தாள்.

“சிஸ்டர், நான்தான் மல்லாட்டைத் திருடன் எடுத்தவ.”

“ஐயோ, மெதுவாம்மா! அந்தப் பேர இங்க சொல்லாதீங்க. பசங்க காதுல விழுந்தா பேஜாரு.”

“பேரச் சொன்னாலே ஆகாதா? அப்படி இன்னா பாவத்த எடுத்து வெச்சிட்டேன்? பொன்னன் மட்டும் இனிக்குதா?”

“அது தங்கமான படம்மா. போட்ட கொஞ்ச நேரத்துல வார்டே தூங்கிடும். எனக்கு அவ்ளோ ஒத்தாச.”

தூங்க வைக்கிற படத்துக்கு முதலிடம்! இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

“அக்கா புருசனுக்கு ஜால்ரா போட எம் பொழப்புதான் கெடச்சுதா சிஸ்டர்?”

“நான் சொல்றத ஒரு நிமிசம் கேளுங்கம்மா. இந்தப் பசங்க எல்லாம்...”

“ஒண்ணும் கேக்க வேணாம். பசங்களையே கேட்டுக்கறேன்!”

மலர்விழி தட்டைக் கீழே வைப்பதற்குள் கலைப்பிரியா உள்ளே போய்விட்டாள். போனை எடுத்தாள், சத்தத்தைக் கூட்டினாள், படத்தைப் போட்டு எல்லாக் கட்டிலுக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தாள்.

அணில் ரெண்டு கன்னத்திலும் மல்லாட்டையை அடைத்துக்கொண்டு பொந்துக்குள் நுழையப் பார்த்தது. தலை மாட்டிக்கொண்டது. பின்னங்கால் ரெண்டும் அந்தரத்தில் உதைத்தன.

“அய்யோ, வேணாம்! நிறுத்துங்க!”

ஒருத்தன் போர்வையை இழுத்து மூஞ்சியை மூடிக்கொண்டான். இன்னொருத்தன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ள, அவன் தோள் குலுங்கியது. ஜன்னல் ஓரக் கட்டிலில் இருந்த இசைவாணி என்கிற பெண், தலையணையை வயிற்றோடு இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவள் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர்.

மலர்விழி ஓடிவந்து போனைப் பிடுங்கி அணைத்தாள். “கொன்னுடுவீங்க போலக்கீதே!”

கலைப்பிரியாவுக்குக் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. முதலாளி சொன்னது நிஜம்தான். பசங்க பொய் சொல்லாது. பொன்னன் வேட்டிக்குக் கலர் அடிக்கத்தான் அவள் லாயக்கு.

இசைவாணியின் கட்டிலருகே போய் நின்றாள். “மன்னிச்சிரு கண்ணு. எம் படம் அவ்ளோ மோசமாவா இருக்குது?”

அந்தப் பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. தலையணையை மெதுவாக விலக்கினாள். சட்டைக்குக் கீழே, வயிற்றில் வெள்ளைக் கட்டு.

“எங்க எல்லாருக்கும் வயித்துல ஆப்ரேசன்கா. சிரிச்சா தையல் இழுத்துக்கினு உயிரு போவுது. உங்க அணில நெனச்சாலே சிரிப்பு வருது, அதான் அது மட்டும் வேணாம்னோம்” என்றாள் இசைவாணி. “வெள்ளிக்கெழம தையல் பிரிச்சிருவாங்க. அதுக்குள்ள ரெண்டாம் பாகம் வந்துருமாக்கா?”