அழுமூஞ்சி இசைத்தட்டு

சோபாவின் மேல் ஏறி நின்று, துடைப்பத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார் பல் டாக்டர்.

"எலியாங்க?" ஈரத் துணிக் கூடையோடு ஓடி வந்தாள் மனைவி.

"எலியா? கிடாருடி!" அறுபது வயசுக்காரர் துடைப்பத்தை மீட்டியபடி, இல்லாத தலைமுடியைச் சிலுப்பிக்கொண்டார்.

மூலையில் புது ரெக்கார்டு பிளேயர் அதிர்ந்துகொண்டிருந்தது. பிறந்தநாளுக்கு மகள் வாங்கிக் கொடுத்தது. பரணில் கிடந்த பழைய தட்டின் நடுவில் இருந்த பொடி எழுத்தைக் கண்ணைச் சுருக்கிப் படித்து, ஏதோ ஒரு பட்டனைத் தட்டிவிட்டு, அவள்தான் முள்ளை வைத்திருந்தாள்.

அட்டையில் நான்கு ஆண்கள், உதட்டுச் சாயமும் ஜிகினாக் கால்சட்டையுமாக முறைத்தார்கள். கல்லூரி நாளில் அந்த கிளாம் மெட்டல் பாட்டுக் குழு என்றால் டாக்டருக்கு உயிர். அவரும் நண்பன் 'சம்மட்டி'யும் படிப்பை விட்டுவிட்டுத் தலைநகரத்துக்கு ஓடி, அதேபோல ஒரு குழு ஆரம்பிப்பதாக இருந்தார்கள். பெட்டிகூடக் கட்டியாயிற்று.

ரயிலுக்கு முந்தின நாள்தான் குழுவின் இரண்டாவது ஆல்பம் கைக்கு வந்தது. அதைக் கேட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று மாடி வீட்டுக்கு ஓடினார்கள். அங்கேதான் பிளேயர் இருந்தது. அந்த வீட்டுப் பெண்ணைத் தவிர யாரும் அதைத் தொடக்கூடாது என்பது அவள் அப்பா போட்ட சட்டம். அவளே தட்டைச் சுழல விட்டாள்.

பாட்டா அது? ஒப்பாரி! ட்ரம்ஸ் தூங்கி வழிந்தது. பாடகர் ஜலதோஷம் பிடித்த எருமை மாதிரி முனகினார்.

இரண்டு பேருக்கும் மனசே விட்டுப்போயிற்று. தட்டு பரணுக்குப் போனது, பெட்டியைப் பிரித்தார்கள். ஒருவர் பல் பிடுங்கப் போனார், சம்மட்டி தலைமையாசிரியர் ஆனார். மாடி வீட்டுப் பெண்ணை டாக்டர் கல்யாணம் செய்துகொண்டார்.

இன்றைக்கு அதே தட்டு இடி இடித்தது. டாக்டர் சம்மட்டிக்கு போன் போட்டு, எந்தத் தட்டு என்று சொல்லி, பாட்டுக்கு நேராக நீட்டினார்.

"டேய், இதுவா அந்த அழுமூஞ்சித் தட்டு? சத்தியமா இருக்காது!" என்றார் சம்மட்டி.

"அதேதான்டா! நமக்குத்தான் அன்னிக்குக் காது பத்தல. அநியாயமா கோட்டை விட்டுட்டோமேடா!" டாக்டருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"காதெல்லாம் சரியாத்தான் இருந்திருக்கும்ப்பா" என்றாள் மகள். "இந்தத் தட்டு வேகமா சுத்தணும், நடுவுல போட்டிருக்கு பாருங்க. நீங்க மெதுவா ஓட விட்டிருக்கீங்க."

துடைப்பம் கீழே விழுந்தது. "நாப்பது வருஷம்டா!" என்று போனில் அலறினார் சம்மட்டி.

டாக்டர் மெல்ல சோபாவை விட்டு இறங்கி மனைவியைப் பார்த்தார். பாவம், நொந்துபோயிருப்பாள் என்று தோன்றியது.

"சரி விடும்மா. அப்ப நீ சின்னப் பொண்ணு. அவ்ளோ பொடி எழுத்தை எங்க கவனிச்சிருக்கப் போறே?" என்றார் பெருந்தன்மையாக.

அவள் ஒரு ஈரத் துண்டை எடுத்துப் பட்டென்று உதறினாள்.

"கவனிச்சதாலதாங்க வேகத்தைக் குறைச்சேன். மறுநாள் நீங்க ரயிலேறிட்டா, நான் யாரைக் கட்டிக்கிறது?"