ஏழாவது கணினி

ஏழு கணினிகளில் ஒன்று மட்டும் சுத்தமாக இருந்தது. சின்னவனுக்கு உறுத்தியது அந்தச் சுத்தம்தான்.

தண்ணீர் பம்புகளை வடிவமைக்கும் குடும்ப நிறுவனம் அது. இவர்கள் இரண்டு வருடம் பாடுபட்டு வரைந்த பம்பைப் போட்டிக்காரன் அச்சு அசலாகச் செய்து கடைக்குக் கொண்டுவந்து மூன்று மாதம் ஆகிறது. வரைபடம் வெளியே போன வழியைத் தேடி, கணினிகளைக் கவனித்துக்கொள்ளும் இளைய மகன் சின்னவன் ஒரு வாரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

கணினிக்குள் தானாக ஓடும் சின்னச் சின்ன நிரல்களான ஸ்கிரிப்ட் மாட்யூல் கோப்புகளில் இருக்கவேண்டியவற்றின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கணினியாக ஒப்பிட்டான். ஆறில், பட்டியலில் இல்லாத கோப்பு ஒன்று, பிரிண்டருக்கு உரியது போலப் பெயர் வைத்துக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருந்தது. திறந்து படித்தான். தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் சேர்த்துவைத்து, மாலையானதும் வெளி முகவரி ஒன்றுக்கு அனுப்புகிற வேலை அதற்கு.

அந்த ஆறும் வீட்டு ஆட்களுடையவை. சித்தப்பா, அண்ணன், அண்ணி, அக்கா, அத்தான், அவன். கோப்பு இல்லாத ஏழாவது ஸ்டோர் மாமாவுடையது.

மாமா என்று கூப்பிடுவார்களே தவிர, அவர் உறவு இல்லை. முப்பது வருடமாக உதிரிபாக அறையைப் பார்த்துக்கொள்கிறவர். அந்த அலுவலகத்தில் இருந்த ஒரே வெளியாள்.

ஆறு கோப்புகளும் இரண்டு மாதத்துக்கு முன்பு, ஒரே ஞாயிற்றுக்கிழமை மதியம் வைக்கப்பட்டிருந்தன. ஞாயிறன்று அலுவலகம் பூட்டியிருக்கும். சாவிக்கொத்து இரண்டே இரண்டு. ஒன்று நிறுவனத்தை நடத்தும் அப்பாவிடம், மற்றது மாமாவிடம். அப்பாவோ கணினிப் பக்கமே போகாதவர். கடிதத்தைக்கூடப் பேனாவால்தான் எழுதுவார்.

எல்லோரும் அப்பாவின் அறையில் கூடினார்கள். அப்பா வழக்கம்போல நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். மாமா கதவோரம் நின்றார்.

"மாமா, ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை ஆபீஸ் வந்தீங்களா?" என்று கேட்டான் சின்னவன்.

"வந்தேன்பா."

"எதுக்கு?"

மாமா அப்பாவை ஒருமுறை பார்த்தார். "கதவு திறக்க."

அத்தான் சிரித்தார். "கதவு தானாத் திறக்காதுன்னு எங்களுக்கும் தெரியும் மாமா. திறந்து என்ன பண்ணீங்க?"

"அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க மாப்பிள்ளை."

சின்னவனுக்குக் காது சுட்டது. "உங்க சைக்கிள்ல உக்காந்து பள்ளிக்கூடம் போனவன் நான். என் மிஷின்லயும் வச்சிருக்கீங்க. உங்களோடதுல மட்டும் இல்ல. திருடன் தன் வீட்டுலயே கன்னம் வைப்பானா?"

"தம்பி, வார்த்தையப் பாத்துப் பேசு" என்றாள் அக்கா.

"இத்தன நாளு இவரைப் பாத்துப் பேசினதுதான்க்கா தப்பு."

மாமா இடுப்பில் மாட்டியிருந்த சாவிக்கொத்தைக் கழற்றி, சத்தம் வராமல் மேசைமேல் வைத்தார். அவர் கை பழக்கதோஷத்தில் மறுபடி இடுப்புக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பியது.

"வரேங்கய்யா" என்றார் அப்பாவிடம்.

"நில்லுங்க" என்றார் அப்பா. பிறகு சின்னவன் பக்கம் திரும்பினார். "அது வந்து எத்தன நாளாச்சுன்னு சொன்ன?"

"ரெண்டு மாசம்பா."

"போட்டிக்காரன் பம்பு கடைக்கு வந்து?"

"மூணு..." சின்னவன் அத்தோடு நிறுத்திக்கொண்டான். படம் களவு போன பிறகு வந்த கோப்பு எப்படிப் படத்தைக் களவாடும்? ஒரு வாரமாக இந்தக் கணக்கு தன் மண்டையில் ஏறவில்லையே என்று கூசினான்.

அப்பா மேசை இழுப்பறையைத் திறந்தார். அச்சடித்த தாள்கள், நாடா போட்டுக் கட்டிய ஆறு கட்டுகள். ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தார். மேல்தாளில், கோணல் இல்லாத அவருடைய பேனா எழுத்து. 'தம்பி'. 'பெரியவன்'. 'மருமகள்'. 'மகள்'. 'மாப்பிள்ளை'. கடைசிக் கட்டில், 'சின்னவன்'.

அத்தானின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. சித்தப்பா சுவரைப் பார்த்துக்கொண்டார். அண்ணி நிற்கப் பிடிக்காமல் வெளியே போனாள்.

சின்னவன் தன் கட்டைத் தொடவில்லை. நண்பனுக்கு எழுதியது, கல்யாணம் பேசியிருக்கும் பெண்ணுக்கு எழுதியது, அப்பாவைப் பற்றியே பெருமையாக எழுதியது, எல்லாம் அதற்குள் இருக்கும்.

"என்னோடதையுமாப்பா படிச்சீங்க?"

அப்பா எழுந்து கதவோரம் போய், சாவிக்கொத்தை மாமாவின் கையில் வைத்து அழுத்தினார்.

"ஆள் வச்சு எங்க எல்லார் மிஷின்லயும் வச்சீங்களே, அப்ப மாமா மிஷின்ல மட்டும் ஏன் வைக்கச் சொல்லல?" என்றான் சின்னவன்.

அப்பா திரும்பிப் பார்த்தார்.

"அவரை நான் எதுக்குடா சந்தேகப்படணும்?"